வாட்சுக்கு வைத்த பொட்டு

என் தம்பி நாகராசு தோஹாவில் கிரேன் ஓட்டுகிறான். எத்தனை டன் இரும்பாக இருந்தாலும் முட்டைக்கூடையை இறக்குகிற மாதிரி அலுங்காமல் இறக்கி வைப்பான் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பொறுமையில் கால்வாசியைக்கூட அவன் ஊருக்குக் கொண்டுவந்ததில்லை. இந்த வீட்டில் பொறுமை மொத்தமும் அவன் பெண்டாட்டி அமுதவல்லிக்குத்தான் வாய்த்திருக்கிறது. நாத்தனார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நல்லதை நல்லது என்று சொல்ல இந்தச் சொர்ணத்துக்கு யார் உத்தரவும் வேண்டியதில்லை.

அரிமளத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை. அமுதாவுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. அவள் மகள் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டுத் திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போனாள். துருப்பிடித்துப் போகுமே என்று அதை எடுத்து மிதிக்க ஆரம்பித்தவள்தான் அமுதா. முதலில் அலுவலகம் வரை. அப்புறம் திருமயம் கோட்டை வரை. அப்புறம் புதுக்கோட்டையில் பிரசாந்த் என்கிற பேங்க் பையன் நடத்துகிற சைக்கிள் குழுவில் சேர்ந்து, கியர் சைக்கிளும் வாங்கி, தலையில் ஹெல்மெட்டோடு ஞாயிற்றுக்கிழமை விடியலில் தெருவைத் தாண்டுவாள். ஊர் வாயை மூடிக்கொண்டு பார்த்தது என்று சொல்ல மாட்டேன். திறந்துகொண்டுதான் பார்த்தது. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அந்தக் குழு வருஷத்துக்கு ஒரு தடவை நடத்துகிற இருநூறு கிலோமீட்டர் பயணத்தை முடிக்க வேண்டும். புதுக்கோட்டையில் கிளம்பி அறந்தாங்கி, கட்டுமாவடி வழியாகக் கடலோரத்தில் மிமிசல் தாண்டிக் கொஞ்ச தூரம் தெற்கே போய், அதே வழியில் திரும்ப வேண்டும். இருட்டிக் கொஞ்ச நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். அங்கங்கே வந்துபோனதற்கு முத்திரை குத்துகிற சோதனை நிலையம் உண்டு. அங்கே யாரும் தண்ணீர் கொடுக்கலாம், சோறு கொடுக்கலாம். ஆனால் நடுவழியில் யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது. வாங்கினால் அத்தோடு சரி, பெயரை அடித்துவிடுவார்கள்.

போன வருஷம் போனில் வழி பார்த்துக்கொண்டு போனாள். வெயிலில் போன் கொதித்து, சார்ஜ் இறங்கி, கோட்டைப்பட்டினம் தாண்டி அணைந்துபோனது. வழி தப்பி உப்பளப் பக்கம் சுற்றிவிட்டு வந்து சேரும்போது நேரம் முடிந்திருந்தது. தோஹாவில் என் தம்பி பாதிப் பகல் அவளுக்குப் போன் அடித்து ஓய்ந்து, எனக்கு அடித்து, பிரசாந்துக்கு அடித்து, கடைசியில் அழுதே விட்டான். பயந்தவனுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"சைக்கிள வித்துரு. ஒன்ன எங்கிட்டுன்னு தேடுறது நான்?" என்றான்.

அமுதா சண்டை போடவில்லை. வேளாவேளைக்குப் போனில் பேசினாள், சிரித்தாள், சைக்கிள் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. சைக்கிள் கூடத்தில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் சகிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் இறங்கி வந்தான்.

"சரி, ஒரு தடவ போகட்டும். நல்ல ஜிபிஎஸ் வாட்சா ஒண்ணு நான் வாங்கித் தாரேன். அவ எங்க போறா, எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியணும். இந்தத் தடவையும் ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா சைக்கிள் வீட்டுல இருக்கக் கூடாது. நீதான்க்கா சாட்சி."

"சரிங்க" என்றாள் அமுதா. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிள் மேல் கிடந்த துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வாட்ச் தேடினாள் பாருங்கள், நான் என் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட அவ்வளவு விசாரித்ததில்லை. பிரசாந்திடம் இரண்டு வாட்ச் இரவல் வாங்கிக் கையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் வரை போய்வந்தாள். ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் வெயிலில் அதன் முகம் கருத்துப்போகிறது, வேர்வை விரல் பட்டால் தானாக எதையோ திறந்து எதையோ மூடுகிறது என்றாள். இன்னொன்றில் தொடுதிரை இல்லை, ஓரத்தில் பொத்தான்கள். கண்ணால் பார்க்காமலே அமுக்கலாம், வெயில் ஏற ஏற எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஆனால் அதில் மேப் இல்லை, வெறும் அம்புக்குறிதான் என்று அதையும் தள்ளினாள். தள்ளுவதற்கு முன்னால் இரண்டையும் கட்டிக்கொண்டு கம்மாயில் நீச்சலடித்தும் பார்த்திருந்தாள். கடலைக் காட்டில் களை எடுக்கும்போதும் கழற்றவில்லை.

லட்சணமான அந்த வாட்சை ஒருநாள் என் கையிலும் மாட்டிவிட்டாள். கடையில் உட்கார்ந்திருந்தவளைக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "எழுந்து நட" என்று அது மணிக்கட்டில் இடித்தது. என் மாமியார்கூட என்னை அப்படி விரட்டியதில்லை. கழற்றி மேசை டிராயரில் போட்டேன்.

தோஹா கடையில் நடந்தது அதைவிட வேடிக்கை. நாகராசு வீடியோ காலில் வந்தான். பக்கத்தில் மலையாளத்துக் கடைக்காரர். தம்பி முதலில் எடுத்துக் காட்டியது தங்க நிறத்தில் தகதகவென்று ஒன்று.

"இத பாரு அமுதா. இதுலயே போன் பேசலாம். கல்யாண வீட்டுக்குக் கட்டிட்டுப் போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"நல்லாருக்குங்க. ஜிபிஎஸ் போட்டே வச்சா எம்புட்டு நேரம் தாங்குமாம்?"

கடைக்காரர் சொன்ன பதிலில் அது மிமிசல் வரைக்கும்தான் தாங்கும் என்று அமுதா கணக்குப் போட்டாள். "திரும்பி வரவும் வேணுமுல்ல? அடுத்தத எடுங்க."

அடுத்ததை எடுத்தான். அதை வெயிலில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னாள். "கடைய விட்டு வெளிய எப்படிடி எடுத்துட்டுப் போறது?" என்று இவன் கூச்சப்பட, அந்தக் கடைக்காரர் தானே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தோஹா வெயிலில் நீட்டினார். விரலை நனைத்துத் தொடச் சொன்னாள். தொட்டார். மேப் உள்ளேயே இருக்கிறதா, போன் செத்துப்போனாலும் வழி காட்டுமா, வழி மாறினால் அதிர்ந்து சொல்லுமா, பெடல் மிதிக்கும் வேகத்தைக் காட்டும் கருவியை இதோடு சேர்க்கலாமா, பட்டை அறுந்தால் நம் ஊரில் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஒன்றையும் விடவும் இல்லை. கடைசியில் அந்த மனுஷர் அவளுக்கென்று உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். கறுப்பு. பருமன். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது.

"இதான்" என்றாள் அமுதா.

"பொம்பளக் கைக்கு இதென்னடி, போலீஸ்காரன் வாட்சு மாதிரி?" என்ற தம்பி, கடைக்காரரிடம் தன் ஒரே கேள்வியைக் கேட்டான். "இவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றார் அவர். அவள் போன் வழியாக இவன் போனுக்கு வந்துகொண்டே இருக்குமாம். மேப்பில் புள்ளியாக நகர்வாளாம். நெஞ்சுத் துடிப்புகூட எண்ணாகத் தெரியுமாம். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதையே போடுங்க" என்றான். ஆளுக்கொரு காரணம், வாட்ச் ஒன்றுதான்.

தை மாதம் லீவில் வந்தான். பயணத்தன்று விடியலில் நாங்கள் மூன்று பேரும் புதுக்கோட்டை போனோம். கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிள்ளையார் கோவில். புது வண்டி வாங்கினாலும் பம்புசெட் வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நம் ஊரில் யார் ஓட்டுகிறார்கள்? தம்பி வாட்சைச் சாமி காலடியில் வைத்து வாங்கினான். முகத்தில் பொட்டு வைத்தால் எண் மறைந்துபோகும் என்று யோசித்து, ரொம்பப் புத்திசாலித்தனமாகத் திருப்பிப் பிடித்து, பின்பக்கக் கண்ணாடியைச் சுற்றிச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி அதன் மேல் குங்குமமும் வைத்தான். காய்ந்ததும் தன் கையாலேயே அவள் மணிக்கட்டில் கட்டினான்.

"மூணு முடிச்சா போடுறியாடா?" என்றேன். அமுதா வெட்கப்பட்டுச் சிரித்தாள். வைத்த பொட்டை அழிக்க யாருக்கு மனசு வரும்? அப்படியே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாங்கள் அரிமளம் திரும்பினோம். தம்பி கூடத்தில் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். நானும் கடையைத் திறக்கவில்லை. பொய் சொல்வானேன், பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நீலப் புள்ளி ஒன்று ஊர்களைத் தாண்டிப் போகிறது. ஓரத்தில் சிவப்பாக அவள் துடிப்பு ஏறி இறங்குகிறது. எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, காலால் மிதித்தே, ஒரு மாவட்டத்தைக் குறுக்காகத் தாண்டுகிறாள்.

அறந்தாங்கி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சிவப்பு எண் மினுக்கியது. அப்புறம் காணாமல் போனது. எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்.

தம்பி முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "அக்கா, துடிப்பு நின்னுபோச்சு."

"வாய அலம்புடா! புள்ளி நகருது பாரு. துடிப்பு நின்னவ எப்படிடா பெடல் மிதிப்பா?"

"யாராவது வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோனா?"

"இம்புட்டு மெதுவாவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க?"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுக்குப் போன் அடித்தான். சைக்கிள் மேல் இருக்கும்போது அவள் போன் எடுப்பதில்லை, அது முதுகுப் பையில் கிடக்கும். அடுத்த நிமிஷம் பைக்கை வெளியே எடுத்துவிட்டான். தனியாக விட்டால் எங்கேயாவது மோதுவான் என்று நானும் பின்னால் ஏறினேன். அறந்தாங்கி வரை அவன் ஓட்டிய ஓட்டத்தில் எனக்குத்தான் துடிப்பு நின்றிருக்கும்.

கட்டுமாவடிக்குக் கொஞ்சம் முன்னால் அவளைப் பிடித்தோம். கடலிலிருந்து காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. ரோட்டோரக் கருவேலம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடின. அமுதா தலையைக் குனிந்து, முதுகை மடக்கி, ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லை, தடுமாற்றமில்லை. அவளைத் தாண்டிப் போயிருந்த இளவட்டங்கள் இரண்டு பேர் முன்னால் பாலத்து மேட்டடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். இவள் நிற்கவில்லை. தினமும் சோறு பரிமாறுகிற அதே கை, அதே ஆள். ஆனால் அந்த ரோட்டில் நான் பார்த்தது வேறு ஒருத்தியை. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

தம்பி பைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனான். "அமுதா! நில்லு!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பக்கத்துல வராதீங்க! காத்த மறைச்சாகூட ஒதவின்னு எழுதிருவாங்க. தள்ளிப் போங்க!"

"ஒனக்கு நெஞ்சுத் துடிப்பு வரலடி!"

"வருது! கிட்டக்க வந்து நின்னு அதையும் நிறுத்திராதீங்க!"

நான் பின்னாலிருந்து அவன் தோளை இறுக்கிப் பிடித்தேன். "டேய், நீ ஒரு வாய்த் தண்ணி குடுத்தாலும் அவ பட்ட பாடெல்லாம் போச்சு. வேகமா முன்னால போ." முனகிக்கொண்டே போனான். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ஒரு ஆட்டுக்குட்டி தப்பியது அதன் அதிர்ஷ்டம்.

கட்டுமாவடியில் மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பக்கத்து டீக்கடைதான் சோதனை நிலையம். பிரசாந்த் முத்திரையோடு உட்கார்ந்திருந்தான். அமுதா வந்து இறங்கியதும் தம்பி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். வாட்சுக்கு அடியிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்பாக ஒழுகியிருந்தது.

"ரத்தம்! அக்கா, ரத்தம்!"

அமுதா வாட்சைக் கழற்றித் திருப்பினாள். அவன் வைத்த சந்தனம் வேர்வையில் கரைந்து கண்ணாடி முழுக்கப் பூசி, குங்குமம் வழிந்து கொழகொழவென்று நின்றது. பிரசாந்த் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, அந்தக் கண்ணாடிக்குள்ளருந்துதான் வெளிச்சம் அடிச்சுத் துடிப்பப் படிக்கும். நீங்க அதோட கண்ணுலயே சந்தனத்த அப்பியிருக்கீங்க."

டீக்கடைக்காரர், மீன் கூடைக்காரிகள், வலை உலர்த்த வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அமுதா மட்டும் சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரில் வாட்சைக் கழுவித் துடைத்துக் கட்டிக்கொண்டாள். சிவப்பு எண் வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கினாள்.

தம்பிக்கு அவமானம். அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்தவன் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டான்.

"போதும் அமுதா. வந்தவரைக்கும் போதும். மொகமெல்லாம் செவந்துபோய்க் கெடக்கு. சைக்கிள லோடு ஆட்டோவுல போட்டுக்கலாம், நீ வண்டியில ஏறு. ஏடாகூடமாச்சுன்னா நிறுத்திருவேன்னு சொன்னேன்ல? சைக்கிளும் இனிமே வேணாம்."

அமுதா டீக்குவளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மடக்கு குடித்தாள். "வாழக்காப் பஜ்ஜி நல்லாருக்கு, சாப்பிடுங்க" என்றாள், வீட்டில் சொல்கிற அதே குரலில்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏண்டா, ஏடாகூடம் பண்ணது யாரு? அவளா? வாட்சா? பொட்டு வச்சது நீ, பயந்தது நீ, ஓடி வந்தது நீ. தண்டனை மட்டும் அவளுக்கா? நான் சாட்சின்னுதான சொன்ன? சாட்சி சொல்றேன் கேட்டுக்க, அவ பக்கம் ஒரு தப்பும் இல்ல. அவ போவா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "சரி, போயிட்டு வா" என்றான், யாருக்கோ சொல்கிற மாதிரி.

அமுதா எழுந்து முத்திரை வாங்கினாள். "போன் சார்ஜுக்காகப் புள்ளிய நிறுத்திக்கிறேங்க. அணைஞ்சுபோனா அவசரத்துக்குக் கூப்பிட முடியாது. வழிக்கு வாட்சு இருக்கு." அவன் தலையாட்டினான். அவள் கடலோர ரோட்டில் தெற்கே போனாள். காற்று இப்போது பக்கவாட்டில் அடித்தது. சின்னதாகிச் சின்னதாகிக் கண்ணை விட்டு மறைந்தாள்.

மீதிப் பொழுது முழுக்க அவனுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. புதுக்கோட்டைக்கு வந்து, காலையில் கிளம்பிய இடத்தில் காத்திருந்தோம். பிள்ளையார் கோவில் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. நேரம் முடிய இன்னும் நிறைய இருக்கும்போதே, லைட்டுப் போட்ட சைக்கிள் ஒன்று திருப்பத்தில் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க உப்பு. சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வேர்வை நாற்றம், கடல் நாற்றம், எதுவும் பெரிசாகத் தெரியவில்லை.

பிரசாந்த் வாட்சை வாங்கித் தன் போனில் இறக்கிப் பார்த்தான். போன வழியெல்லாம் ஒரு நீலக் கோடாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே துடிப்பின் கோடு. அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி வரை வெறுமை, அப்புறம் மேடு பள்ளம்.

"இந்த ஒசரம், திரும்பி வர்றப்ப கட்டுமாவடிப் பாலத்து மேடு. அக்கா ஒரே மிதியா ஏறியிருக்காங்க. இந்த எறக்கம் மிமிசல்ல சாப்பிட்ட நேரம்." பிரசாந்த் நிறுத்தினான். "இது என்னன்னுதான் தெரியல. ரெண்டு ஒசரமும் ஒரே அளவு. ஆனா இங்க சைக்கிளே ஓடல. கட்டுமாவடி டீக்கடை. கழுவிக் கட்டின ஒடனே. வாட்சு தப்பாப் படிச்சிருக்குமோ?"

"தப்பா படிக்கல" என்றாள் அமுதா. "அவுக, சைக்கிள் இனிமே வேணாம்னு சொன்னாகள்ல, அப்ப."

பெஞ்சில் உட்கார்ந்து, டீயை உறிஞ்சி, பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று சொன்னாளே, அப்போது. முகத்தில் ஒன்றுமே காட்டவில்லையே, அப்போது. பாலத்து மேட்டை ஏறினதற்குச் சமமாக அந்த நெஞ்சு அடித்திருக்கிறது.

தம்பி அந்தப் போனைக் கையில் வாங்கினான். அந்த ஒரு முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். விரலால் தொட்டான், அது பெரிதானது, இன்னும் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் மறைக்கவில்லை.

"இம்புட்டுமா?" என்றான் அவளிடம்.

"ஆமாங்க."

அவன் போனைப் பிரசாந்திடம் கொடுத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"தம்பி, இதுக்கு மேல எத்தன கிலோமீட்டரு வைப்பீங்க?"

"முந்நூறு இருக்குண்ணே. ராத்திரியிலயும் ஓட்டணும்."

"அதுக்கு இந்த வாட்சு தாங்குமா?"

"தாராளமா தாங்கும்."

"அப்ப பேரை எழுதிக்க" என்றான் நாகராசு. அமுதாவின் கையைப் பிடித்து, வாட்சுப் பட்டைக்குக் கீழே இன்னும் மிச்சமிருந்த குங்குமத்தைத் தன் வேட்டி நுனியால் மெதுவாகத் துடைத்துவிட்டான்.